அத்திம்பேர் மேடையேறியதற்கான ஆதாரம்

சேலையூர்,
ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை

கீழ்க்கட்டளை சம்பந்தி ஸ்ரீமான் ஸ்ரீநிவாசராகவன் ஸ்வாமியின் சன்னிதிக்கு, சேலையூர் தோத்தாத்ரி தெண்டனிட்டு எழுதிக்கொண்ட விஞ்ஞாபனம்.

இங்கே பெருமாள் கடாக்ஷத்தில் அடியேன், ஆத்துக்காரி கோமளவல்லி, மொட்டை மாடியில் காய்க்க ஆரம்பித்திருக்கும் பாகற்கொடி உள்பட எல்லோரும் சௌக்கியம், லேப்டாப் ஒன்றைத் தவிர. அங்கே தேவரீர், மாமி, மாப்பிள்ளை பத்ரி, எங்கள் குழந்தை நித்யஸ்ரீ, அவள் வயிற்றில் இருக்கும் குழந்தை எல்லோரும் சௌக்கியமாக இருக்கத் தினமும் பிரார்த்திக்கிறோம். மேடவாக்கத்தில் ஒரு பஸ் மாறினால் வந்து சேரக்கூடிய தூரத்துக்கு இந்த மனுஷன் எதற்குத் தபால் எழுதுகிறான் என்று தேவரீர் நினைக்கலாம். போன மாதம் நாம் இருவரும் போனில் சம்பாஷித்ததை இரண்டாத்துப் பெண்டுகளும் கேட்டுவிட்டு, இனிமேல் இவாள் இரண்டு பேர் கையிலும் போனைக் கொடுக்கப்படாது என்று சேர்ந்து தீர்மானம் போட்டிருக்கிறார்களே, அதனால்தான். எழுதுவதில் ஒரு சௌகரியம், குரல் ஏறாது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் குழந்தைகள் கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் ஓடிவிட்டது, ஆல்பம் இன்னும் வரவில்லை. அதற்குக் காரணம் அடியேன்தான் என்று தேவரீராத்தில் ஒரு பேச்சு இருப்பது காதில் விழுந்தது. வாஸ்தவம். படப்பையிலிருந்து வந்த அந்த ஃபோட்டோகிராஃபர் ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, அத்தனையையும் என் லேப்டாப்பில் கொட்டி, "சார், இதுல புடிச்சதா செலக்ட் பண்ணிக் குடுங்க, ஒரே மாசத்துல ஆல்பம் ரெடி" என்று சொல்லிவிட்டுப் போனார். செலக்ட் பண்ணுவது என்ன லேசான காரியமா? அடியேன் கணக்குத் தணிக்கைத் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். ஒரு படத்தைத் தள்ளுபடி செய்தால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டாமா? ஒன்றில் என் மன்னி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், அடுத்ததில் மன்னி கண்ணைத் திறந்தால் தங்கள் மாமி கண்ணை மூடிவிடுகிறார், எதை வைத்தாலும் ஒரு ஆத்தில் சண்டை. இப்படி விரதம், ஜானவாசம் என்று மெள்ள நகர்ந்து, ஊஞ்சல் படங்களிலேயே ஒரு வருஷம் ஆடிக்கொண்டிருந்தேன். ரிசப்ஷன் படங்கள் இருந்த பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தாங்கள் போனில் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள். ரிசப்ஷனன்று எல்லோரையும் மேடைக்கு அழைத்துப் பெண் மாப்பிள்ளையோடு நிற்க வைத்துப் படம் எடுத்தார்களாம், தங்கள் அக்கா புருஷர், குடும்பத்துக்கே மூத்தவர், அத்திம்பேரை மட்டும் ஒருத்தரும் கூப்பிடவில்லையாம், கீழேயே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாராம், இரண்டு வருஷமாக மனசில் வைத்துக்கொண்டிருந்து, எங்காத்தில் நடக்கப்போகும் நித்யஸ்ரீயின் வளைகாப்புக்கு அழைக்கத் தாங்கள் போனபோதுதான் வாயைத் திறந்தாராம். பெண் வீட்டார் விளக்கம் சொல்லாதவரை அத்திம்பேர் வளைகாப்புக்கு வரமாட்டார், அவர் வராத இடத்துக்கு நானும் வரமாட்டேன் என்று ஒரே போடாகப் போட்டீர்கள். எனக்குச் சுருக்கென்றது. "கூப்பிட்டேன் ஸ்வாமி, நானே கூப்பிட்டேன், ஃபோட்டோ இருக்கு, வளைகாப்பன்னிக்குத் திரை கட்டி ஊர் பார்க்கக் காட்டறேன்" என்று நானும் கத்தினேன். தாங்கள் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்தவர் ஆயிற்றே. "ஆதாரத்தைக் கொண்டாரும், அப்பறம் பேசும்" என்று போனை வைத்துவிட்டீர்கள். அன்று சாயங்காலம் நித்யஸ்ரீ போன் பண்ணினாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அப்பா, மாமா வரலேன்னா எனக்கு வளைகாப்பே வேண்டாம்ப்பா" என்று தங்களைப் பற்றிச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மோர்க்குழம்புக்குத் தேங்காய் எவ்வளவு வைக்கணும் என்று கேட்க அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லிவிட்டாள்.

சரி, ஆதாரத்தைத் தேடிவிடுவோம் என்று லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். ஆரம்பிக்கும் முன்னால் குழந்தையிடம் ஒரு யோசனை கேட்டேன், அங்கேதான் வந்தது வினை. "அப்பா, அது ரொம்பப் பழசு, உள்ள இருக்கறது சுத்தற டிஸ்க், எப்ப வேணா உசுரை விட்டுடும், முதல்ல எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோ" என்றாள். நல்ல பெண், நல்ல யோசனை. கைக்கு அடக்கமாக ஒரு புது டிஸ்க் வாங்கிவந்து, ஒயரை மாட்டி, காப்பி ஆரம்பித்த அன்று சரஸ்வதி பூஜை. சாயங்காலம் வரை ஆகும் என்று திரையில் போட்டது. மூடினாலும் தூங்கிவிடாதபடி அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே அமைத்து, மூடிவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வேஷ்டியைக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தால் மேஜை காலி.

கோமளம் அதைப் பூஜைக்கு ஏளப்பண்ணிவிட்டாள். ஆமாம் ஸ்வாமி, படிக்கிற சாமான், எழுதுகிற சாமான் எல்லாம் பூஜையில் இருக்க வேண்டாமா என்று, நல்ல பெரிசாக, தட்டையாக, அடிப்பலகைக்கு வாகாக இருக்கிறதே என்று அதை அடியில் வைத்து, அதன் மேல் தடி தடியாக என் தணிக்கை விதித் தொகுதிகள், அதன் மேல் நித்யஸ்ரீயின் பழைய இன்ஜினீயரிங் புத்தகங்கள், அதன் மேல் சமையல் குறிப்புகள், உச்சியில் அவளுடைய ஸ்ருதிப் பெட்டி, எல்லாவற்றுக்கும் மேல் என் பட்டு வேஷ்டி. மூடியில் சந்தனம் குங்குமம். பக்கவாட்டில் உஷ்ணம் வெளியே போவதற்கு ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, அது பூ சொருகுவதற்கென்றே வைத்தாற்போல் இருந்ததாம், வரிசையாகச் சாமந்திப் பூ. புது டிஸ்க்? "அது வால் மாதிரி தொங்கிண்டிருந்துது, லட்சணமா இல்லே, பிடுங்கிட்டேன்" என்கிறாள். அதற்கும் ஒரு பொட்டு வைத்து வெற்றிலைத் தட்டில் வைத்திருந்தாள். "அடியே, அது ஓடிண்டிருக்குடீ!" என்று அலறினேன். "ஓடினா என்ன, சரஸ்வதி முன்னாடிதானே ஓடறது?" என்றாள். எடுக்கப் போன கையைத் தட்டிவிட்டாள். வைத்தது வைத்ததுதான், மறுநாள் புனர்பூஜை ஆகாமல் ஒரு காகிதத்தைத் தொடப்படாது என்பது தங்களுக்குத் தெரியாததா?

பெருமாளுக்குத் தளிகை கண்டருளப்பண்ணி, சாப்பிட்டு, வளைகாப்பைப் பற்றிப் பேச்சை எடுக்கிறோம், பூஜைப் பக்கத்திலிருந்து டிக்... டிக்... டிக் என்று ஒரு சப்தம். லேப்டாப் உசுரை விடுகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டேளா, கௌளி சொல்றது! வளைகாப்புன்னு வாயெடுக்கறச்சேயே சொல்றது பாருங்கோ!" உடனே எந்தத் திக்கிலிருந்து சொன்னால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பார்க்க வேண்டும். பஞ்சாங்கமும் புஸ்தகம்தானே? அதுவும் பூஜையில். மாடி வீட்டில் கேட்டாள், அவாத்திலும் பூஜையில். எதிர்வீட்டிலும் அப்படியே. கடைசியில் பக்கத்து வீட்டு யேசுதாசன்தான் கை கொடுத்தார். அவர் வீட்டுத் தினசரி காலண்டரில் பின்பக்கம் பல்லி சொல்லுக்குப் பலன் போட்டிருக்குமாம், அது ஒன்றுதான் எங்கள் தெருவிலேயே அன்றைக்குப் பூஜையில் இல்லாத பஞ்சாங்கம். மனுஷர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காம்பவுண்டு சுவர் மேல் சாய்ந்து, "எந்தத் திசைங்க மேடம்? வடமேற்கா? வடமேற்கு... வடமேற்கு... பந்துக்கள் வருகை!" என்று வாசித்தார். கோமளத்துக்குக் கண்ணில் ஜலமே வந்துவிட்டது. "சம்பந்தி வந்துடுவார்ன்னா!" என்கிறாள். "கௌளி இப்படியாடீ விடாம சொல்லும்?" என்றால், "அவ்வளவு பந்துக்கள் வரப்போறா" என்கிறாள். பேட்டரி தீருகிற வரை டிக் டிக் என்று பந்துக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான் அந்த வேஷ்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் புனர்பூஜை ஆனதும் முதல் காரியமாக லேப்டாப்பை உருவி எடுத்து, ஒயரைச் சொருகித் தட்டினேன். கறுப்புத் திரை, நாலு வெள்ளை எழுத்து, டிஸ்க்கே இல்லை என்கிறது. உள்ளேயிருந்து அதே டிக் டிக். அந்தச் சமயம் பார்த்து வீடு பெருக்க வந்தாள் கங்கம்மா. நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். "இன்னா சாரு, பொட்டிக்குள்ள பல்லி பூந்துகினு கீது!" என்றாள். இல்லை கங்கம்மா, அது பல்லி இல்லை என்று நான் ஆரம்பிப்பதற்குள், கோமளம், "அதுவா? ஐயோ பாவம், உள்ள மாட்டிண்டுடுத்தா? கௌளியைக் கொல்லப்படாது, மெதுவா வெளில விரட்டு" என்று உத்தரவு போட்டுவிட்டாள். கங்கம்மா மெதுவாகத்தான் தட்டினாள், விளக்குமாற்றுக் கட்டையால், நாலு பக்கமும். சப்தம் நின்றுவிட்டது. "அவ்ளோதான் சாரு, பூட்ச்சி. இதுக்குப் போயி இன்னாத்துக்கு பேஜாராவற?" என்று பெருக்கப் போய்விட்டாள். போனது எது என்று எனக்குத்தான் தெரியும். அந்தப் பிடுங்கிப் போட்ட புது டிஸ்க்கை நித்யஸ்ரீயின் பழைய கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். அறுபடுவதற்கு முன்னால் ஏறியிருந்தது என்ன தெரியுமோ? வாசல் வாழை மரம், கோலம், நாதஸ்வரக்காரர் டீ குடிப்பது, மறுபடியும் வாழை மரம். ரிசப்ஷனில் ஒன்றுகூட இல்லை.

யேசுதாசன் துக்கம் விசாரிக்க வந்தார். ரயில்வேயில் ஏ.சி. பெட்டிகள் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். "சார், புக்குக்கு அடியில சூட்டுல விரிஞ்சிருக்கும், கூலிங் குடுத்தா சுருங்கி சரியாயிடும், எதுக்கும் ஃபிரிட்ஜுல வெச்சுப் பாருங்க" என்றார். கோமளம் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, விளக்குமாறு பட்ட வஸ்துவை எப்படி உள்ளே வைப்பது என்றாள். அப்புறம் பால், தோசை மாவு பக்கம் போகாமல் கீழ்த்தட்டில் காய்கறியோடு வைக்கலாம் என்று இறங்கிவந்தாள். வைத்தேன். மதியம் திறந்து பார்க்கிறேன், அதன் தலைமேல் ஒரு கட்டு கொத்தமல்லி, இஞ்சி, பச்சை மிளகாய். "தட்டையா இருந்துது, வெச்சேன்" என்கிறாள். தட்டையாக எதையும் இந்த வீட்டில் நம்பி வைக்க முடியாது ஸ்வாமி. வெளியே எடுத்துத் துடைக்கத் துடைக்க வியர்த்துக்கொண்டே இருந்தது, நானும்தான்.

பிறகு ஷேர் ஆட்டோ பிடித்து, ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி இறங்கி, மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மாடியில் ஃபிரெடி என்பவர் ரிப்பேர் கடைக்குப் போனேன். வேறு பை அகப்படாமல் நம் கல்யாணத்துத் தாம்பூலப் பையிலேயே போட்டு எடுத்துப் போனேன், மஞ்சள் பை, நித்யஸ்ரீ பத்ரி என்று பெயர் அச்சடித்தது. ஃபிரெடி நல்ல மாதிரி, ஆனால் வாய் ஓயாத மனுஷர். ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பார்த்தவர் அப்படியே நிமிர்ந்தார். "சார், உள்ள சாமந்திப்பூ இருக்கு சார்." சரி என்றேன். "சந்தனம் வேற. கம்ப்யூட்டருக்குக் கல்யாணம் ஏதாவது பண்ணீங்களா சார்?" பூஜை என்றேன். "நாங்களும் கடை தொறக்கறப்ப சர்ச் ஃபாதரை வெச்சு ப்ரேயர் பண்ணோம் சார், அவரு வெளியிலருந்துதான் தண்ணி தெளிச்சாரு. இது இன்னா சார் பச்சையா, கொத்தமல்லியா?" டிஸ்க்கை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "உள்ள தட்டு சுத்தும் சார், ஊசி மாதிரி ஒண்ணு அதைப் படிக்கணும், அது வழி தெரியாமப் போயி முட்டிக்கினு திரும்பியிருக்கும், அதான் டிக் டிக்குனு கேட்ருக்கும். யாராவது தட்டுனீங்களா?" என்று கேட்டார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அப்புறம் பையில் இருந்த பெயர்களைப் படித்துவிட்டு, யார் சார் இது, என்ன படம், எதுக்கு இவ்ளோ டென்ஷன் என்று கேட்டார். நானும் ஒரு ஆதங்கத்தில் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். அத்திம்பேர் என்றால் யார் என்று கேட்டார், சம்பந்தியோட அக்கா புருஷர் என்றேன். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா புருஷனையா சார் மேடைக்குக் கூப்பிடல? எங்க சைடுல அப்பிடி ஆச்சுன்னா சேர் பறக்கும் சார்!" கூப்பிட்டேனய்யா, அதற்குத்தான் இந்த ஆதாரமே என்றேன். அதற்குள் செல்போன் கண்ணாடி மாற்ற வந்தவர், சார்ஜர் வாங்க வந்த அம்மாள், மாடிப்படியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தவர் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். "கூப்டீங்களா இல்லியா, கரீட்டா ஞாபகம் கீதா?" என்று இளநீர்க்காரர் குறுக்கு விசாரணை பண்ணுகிறார். அன்றைக்கு இருந்த அமளியில், மேடைக்கும் பந்திக்கும் ஓடின ஓட்டத்தில், யாரை எங்கே பார்த்தேன் என்று எனக்கு எப்படி நிச்சயமாகத் தெரியும்? கொஞ்சம் தடுமாறினேன். அவ்வளவுதான், "அப்ப கூப்ட்ருக்க மாட்டீங்க" என்று சார்ஜர் அம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கடையில் இருந்த அத்தனை பேரும் தங்கள் கட்சி ஸ்வாமி, ஒருத்தர் பாக்கியில்லை.

பொத்தேரியில் ஃபிரெடிக்குத் தெரிந்த ஒருவர் இந்த மாதிரி டிஸ்க்குகளைத் தூசி இல்லாத கூண்டுக்குள் வைத்துப் பிரித்துப் பார்ப்பாராம், அங்கே அனுப்பியிருக்கிறார். "ஆனா ரொம்ப எதிர்பாக்காதீங்க சார். வீட்ல இருக்கறவங்ககிட்ட சொல்லிடுங்க" என்று தோளில் கையை வைத்தார். படப்பை ஃபோட்டோகிராஃபரிடம் ஒரு பிரதி இருக்கும் என்று தேடிக்கொண்டு போனேன், ஸ்டூடியோ இருந்த இடத்தில் பிரியாணிக் கடை. போனில் பிடித்தால், "ஆறு மாசத்துக்கு மேல வெச்சுக்கறதில்ல சார், அப்பவே செலக்ட் பண்ணிருக்கலாம்ல" என்கிறார். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். எல்லோரும் அனுப்பினார்கள். அத்தனையும் சாப்பாட்டு இலை. மாப்பிள்ளையிடம் கேட்டேன், அவர் போனில் இருப்பதெல்லாம் அவரும் நித்யஸ்ரீயும் மட்டும்தான், அது நியாயந்தானே.

ஆகையால் ஓய், மன்னிக்கவும், ஆகையால் ஸ்வாமி, என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாத பேச்சை முப்பது வருஷம் நான் ஒருத்தரிடமும் ஒத்துக்கொண்டவனில்லை, இப்போது என் பேச்சை மட்டும் எந்த முகத்தோடு ஒத்துக்கொள்வது? தங்கள் கட்சியே சரி. அத்திம்பேரைக் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை, கூப்பிடவில்லை. மூன்று தடவை எழுதியாயிற்று, வேண்டுமானால் இந்தக் கடுதாசியையே வளைகாப்பன்று திரை கட்டிப் போடுங்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். குழந்தை இரண்டு கையிலும் வளையலை அடுக்கிக்கொண்டு மனையில் உட்கார்ந்திருக்கும்போது, மாமனார் வந்தாரா என்று வாசலைப் பார்க்கக் கூடாது. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தாங்கள் வர வேண்டும், மாமி வந்து முதல் வளையலைப் போட வேண்டும், அத்திம்பேர் வந்து நடுநாயகமாக உட்கார வேண்டும். வேண்டுமென்றால் வாசலிலேயே அவருக்கு சாஷ்டாங்கமாக விழுந்து சேவிக்கிறேன், விழுந்தவனைத் தூக்கிவிட மட்டும் ஒரு ஆள் ஏற்பாடு பண்ணிவிடுங்கள். கெட்டித் திரட்டுப்பால் அவருக்குப் பிடிக்கும் என்று கோமளத்துக்கு நினைவிருக்கிறது, கிண்டிவிடுகிறாள்.

மாமிக்கு எங்கள் இருவர் நமஸ்காரம். அத்திம்பேருக்கு அதற்கு மேல் ஒரு பங்கு. பத்ரிக்கும் நித்யஸ்ரீக்கும் பல்லாண்டு. வயிற்றில் இருக்கும் குழந்தையிடம், தாத்தாக்கள் இரண்டு பேரும் அடிப்படையில் நல்லவர்கள்தான், சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி என்று மாமியைச் சொல்லிவைக்கச் சொல்லவும்.

தங்கள் பதிலுக்கு வாசலிலேயே நிற்கும்,
அடியேன் தோத்தாத்ரி

பி.கு: கவரை ஒட்டப் போகிற சமயம் ஃபிரெடி போன் பண்ணினார். "சார், உசுரு வந்துடுச்சு சார்! உடனே வாங்க!" கோமளத்தையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். பொத்தேரிக்காரர் கைராசிக்காரர், ஊஞ்சலில் பாதி போனாலும் ரிசப்ஷன் முழுசாக வந்துவிட்டது. ஆகவே மேலே எழுதிய மன்னிப்பை அடியேன் முழுவதுமாக வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கிழித்துப் போட்டுவிட்டு வேறே எழுதலாம் என்றால், "எழுதின மன்னிப்பைக் கிழிக்கப்படாது" என்கிறாள் கோமளம். அதனால் கீழே எழுதுகிறேன், மேலே எழுதியது செல்லாது.

அத்திம்பேர் மேடையில் இருக்கிறார் ஓய்! ஒரு படத்திலா? நின்றபடி, உட்கார்ந்தபடி, மாப்பிள்ளை காதில் என்னமோ சொல்லியபடி. ஒன்றில் மாப்பிள்ளையே மறைந்துவிட்டார், அத்திம்பேர் முழுசாகத் தெரிகிறார். அவர் கையைப் பிடித்து மேடைப் படியில் ஏற்றிவிடுவது யார் தெரியுமா? சாட்சாத் நீர்! வாயெல்லாம் பல்! இரண்டு வருஷமாகக் கீழேயே உட்கார்ந்திருந்தார் என்றீரே! அத்திம்பேர் மேடையை விட்டு இறங்கி வருவதற்குள் ஐஸ்கிரீம் தீர்ந்துபோயிருந்தது, அந்த வருத்தம்தான் மனசுக்குள் எப்படியோ இடம் மாறிப்போயிருக்கிறது என்று கோமளம் ஊகிக்கிறாள். அதற்கும் படம் இருக்கிறது, காலிக் கிண்ணத்தோடு.

ஃபிரெடி கடையில் எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் ஃபிரெடி, "ரெண்டு ஃபேமிலியும் சேந்து நிக்கற குரூப் ஃபோட்டோ இதுதான் சார், பெருசாக்கட்டுமா?" என்றார். பெரிதாக்கினார். நீர் இருக்கிறீர், மாமி இருக்கிறார், கோமளம் இருக்கிறாள், என் மன்னி கண்ணைத் திறந்தே இருக்கிறாள், அத்திம்பேர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். என்னைத் தேடினேன். இல்லை. அடுத்த படம், இல்லை. அதற்கடுத்தது, இல்லை. கன்னிகாதானத்தில் இருக்கிறேன், நான் இல்லாமல் அது நடக்காது. ரிசப்ஷன் மேடையில் ஒரு படத்தில்கூட நான் இல்லை. ஃபிரெடிக்கே முகம் வாடிவிட்டது. "பொண்ணோட அப்பாவையா சார் கூப்பிடல?" என்றார். அந்தக் குரூப் படத்தில் ஓரமாக, அத்திம்பேரின் நாற்காலிக்குப் பின்னால், ஒரு கை மட்டும் தெரிகிறது. கோமளம்தான் மோதிரத்தை வைத்து அடையாளம் சொன்னாள். அவருக்கு முழங்கால் வலி, நாற்காலி ஆடுகிறது என்றாரே, நான் குனிந்து அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக மேடையில் அவமரியாதை நடந்தது வாஸ்தவம், நடந்தது எனக்கு. இதற்கு மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்துதான் விளக்கம் சொல்ல வேண்டும், வளைகாப்பன்று, முழுக் குடும்பத்தோடு. யேசுதாசனின் காலண்டரும் பந்துக்கள் வருகை என்றுதான் சொல்லியிருக்கிறது. குரூப் ஃபோட்டோ எடுக்கும்போது நீர் வாயைத் திறந்து, "தோத்தாத்ரி, வாரும், என் பக்கத்தில் நில்லும்" என்று நாலு பேர் காதில் விழும்படி கூப்பிட வேண்டும். அத்திம்பேருக்கு நாற்காலி உண்டு, ஐஸ்கிரீம் முதலிலேயே எடுத்துவைத்துவிடுகிறேன். நாற்காலியை மட்டும் இந்தத் தடவை வேறே யாராவது பிடித்துக்கொள்ளட்டும்.